ரயிலுக்குக்கூட இலக்கம் உண்டு

தொலைக்காட்சியில் பேசுகிற ரயில்களைப் பார்த்துத்தான் என் மகள் கெட்டுப்போனாள் என்று கண்டாக்கையா ஒருநாள் பெரட்டில் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். பெரட்டு என்பது காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி, யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக வேண்டும் என்று பிரித்துவிடுகிற இடம். கண்டாக்கையா அந்த வரிசைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். அவர் சொன்னதில் பாதி சரி. கெட்டுப்போனது மகள் இல்லை, நான்.

அப்போது மகளுக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. அவள் அப்பா கொழும்பில் ஒரு துணிக்கடையில் நின்றார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். நான் மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள தோட்டமொன்றில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தேன். மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஈரச் சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு நான் உள்ளே வரும்போது, சிங்கள அலைவரிசையில் அந்தக் கார்ட்டூன் படம் ஓடிக்கொண்டிருக்கும். கண்ணும் வாயும் உள்ள ரயில்கள். ஒன்று எப்போதும் அவசரப்படும், ஒன்று எப்போதும் முணுமுணுக்கும். சின்னப் பச்சை ரயில் ஒன்று எதையாவது மறந்துவிட்டுப் போய் இடையில் மாட்டிக்கொள்ளும். கடைசியில் எல்லாம் சரியாகி ஒரு பாட்டுப் பாடுவார்கள். எந்த ரயிலுக்கும் காய்ச்சல் வந்து நான் பார்த்ததில்லை. எந்த ரயிலும் அரைப் பேர் போட்டு அரைநாள் சம்பளத்தை வெட்டிவிட்டார்கள் என்று அழுததில்லை. பிள்ளைகளுக்கான படம்தானே, போகட்டும் என்று நான் தேங்காய் துருவப் போய்விடுவேன்.

ஒருநாள் மகள் என்னை இழுத்துக்கொண்டு வந்து திரைக்கு முன் நிறுத்தினாள். ரயில்கள் தூங்குகிற கொட்டகையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நீளமான ஒரே கூரை. அதன் கீழ் வரிசையாகக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் ஒரு ரயில்.

"அம்மா, இது நம்ம லயந்தானே?"

பார்த்தேன். அவள் சொன்னது அப்படியே உண்மை. தகரக் கூரை, ஒட்டிய சுவர்கள், ஒரே அளவில் கதவுகள், கதவுக்குப் பின்னால் குடும்பத்துக்கு ஒரு காம்பரா. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற எங்கள் லயத்தை யாரோ போய்ப் பார்த்து வரைந்த மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கதவுக்கும் மேலே மஞ்சள் வட்டத்தில் எழுதியிருந்த எண்ணைச் சுட்டிக் காட்டினாள். அன்றைய கதையில் பொதி கொண்டுபோகிற ரயில் அந்த எண்களைப் பார்த்துப் பார்த்து, பிறந்தநாள் பரிசைச் சரியான கதவில் வைத்துவிட்டுப் போனது.

"கோச்சிக்கெல்லாம் நம்பர் இருக்கு. நமக்கு ஏன்மா இல்ல?"

நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். என்னிடம் இருந்த பதில் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லக்கூடியதாக இல்லை.

நான் உயர்தரம் சித்தியடைந்த வருடம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஆசிரியர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்ட கடிதம். தோட்டத்துக்கு வருகிற கடிதமெல்லாம் ஆபீசுக்கு வரும். அங்கிருந்து பெரட்டுக்கு வரும். பெரட்டில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். என் கடிதத்தில் அப்பாவின் பெயரும் தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும் சரியாகத்தான் இருந்தன. அப்பாவின் பெயரில் எங்கள் தோட்டத்தில் நாலு பேர் இருந்தார்கள். கடிதம் மேல் டிவிசனில் இருந்த ஒருவரின் கைக்குப் போனது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. வீட்டுக் கூரையில் செருகி வைத்துவிட்டு, மகன் வந்ததும் வாசிக்கக் கொடுத்தார். மகன் கண்டியிலிருந்து வந்தபோது நேர்முகத் தேர்வு முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த மனிதர் அப்பாவிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, இன்றைக்கும் இல்லை. பன்னிரண்டு கதவுள்ள ஒரு கட்டடத்தில் ஒரு கதவுக்கு ஓர் எண் போட நூற்றைம்பது வருடமாக ஒருத்தருக்கும் கை வரவில்லையே, அந்தக் கோபம் இருக்கிறது. நான் கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்டியது அப்படித்தான்.

மகளை முதலாம் வகுப்புக்கு டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க விண்ணப்பம் போட்டேன். இரண்டு வாரத்தில் அது திரும்பி வந்தது. வீட்டு இலக்கம் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது, நிரப்பி, கிராம சேவகரின் உறுதிப்படுத்தலுடன் மாத முடிவுக்குள் தரவும் என்று எழுதியிருந்தது. நல்லவேளை, அந்தக் கடிதமாவது என் கைக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மஸ்கெலியாவுக்கு இறங்கிப் போனேன். ஹார்ட்வெயார் கடை நானாவிடம் மஞ்சள் பெயின்டும் கொஞ்சம் கறுப்பும் கேட்டேன். எதற்கு என்றார். வீட்டுக்கு நம்பர் போட என்றேன். அவர் சிரித்துவிட்டு, யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்த அரை டின் மஞ்சளைத் தேடி எடுத்துத் தந்தார். நம்பர் போட்டால் பின்னாலேயே பில்லும் வரும், தன் கடைக்கு வருகிற பில்லைப் பார்த்தால் தெரியும் என்றார். வரட்டும் நானா, என் பேருக்கு எது வந்தாலும் வரட்டும் என்றேன்.

நான் என் கதவுக்கு மட்டும் எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கதவுக்கு மேலே மஞ்சள் வட்டம் போடத் தொடங்கியதும் லயமே கூடிவிட்டது. ஒரு கதவுக்கு மட்டும் எழுதினால் அது என்ன கணக்கு என்றார்கள். நியாயம்தான். எங்கிருந்து எண்ணுவது என்று முதல் சண்டை. கோயில் பக்கமிருந்தா, தண்ணீர் விழுகிற பீலிப் பக்கமிருந்தா? சாமி பக்கம்தான் ஒன்று என்று முடிவானது. பீலிக்கரைக் கடைசிக் காம்பராக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த சிக்கல் மூன்றாவது கதவில். அங்கே என்னோடு ஒரே கங்காணியின் கீழ் கொழுந்தெடுக்கிற அக்கா இருந்தார். மகனுக்குக் கல்யாணம் முடித்து வைத்ததும், முன்னாலிருந்த இஸ்தோப்புத் திண்ணையைத் தகரத்தால் அடைத்து மகனுக்கும் மருமகளுக்கும் கொடுத்திருந்தார். மாமியார் உள்ளே பொங்குவார், மருமகள் வெளியே பொங்குவாள். இரண்டு பேரையும் ஒரே அடுப்பில் பொங்கச் சொன்னால் சோறு வேகாது, சண்டைதான் வேகும். இப்படியே பத்தாவது கதவிலும் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம்.

எங்களிடம் கணக்கு ஒன்றுதான். அடுப்பு இரண்டானால் வீடு இரண்டு. கோயில் வரி அடுப்புக்கு. சாவு வீட்டுக்குப் போகிற அரிசி அடுப்புக்கு. கல்யாணத்துக்கு வெற்றிலை வைத்து அழைப்பதும் அடுப்புக்கு. அதனால் நாங்கள் யோசிக்கக்கூட இல்லை. மூன்றாவது கதவுக்கு மேலே மூன்று. பக்கத்தில் தகரத்தில் நாலு. இப்படியே போய்ப் பன்னிரண்டு கதவுகளுக்குப் பதினான்கு எண்கள் வந்தன. ஏழாவது கதவில் இருந்த நான் எட்டானேன்.

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளுடைய பச்சை ரயிலின் எண் ஏழு. விரலால் கதவுகளை எண்ணி, நாங்கள்தான் ஏழு என்று அவள் முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தாள். அக்கம்பக்கத்தாரும் எட்டு ஆகாத எண் என்றார்கள். சனி பிடிக்கும் என்றார் ஒருவர். இருபது வருடமாகப் பிடித்திருப்பதைவிட இனி என்ன பிடிக்கப்போகிறது என்று சொல்லிவிட்டு, எட்டை மற்ற எண்களைவிடக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

நாலு நாள் லயம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு கதவுக்குப் பின்னால் ஒளிந்து, எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டதும் ரயில் மாதிரி கூவிக்கொண்டு ஓடி வருவார்கள். பெரியவர்களும் சர்க்கரை கடன் கேட்டு அனுப்பும்போது, பதினொன்றில் வாங்கிட்டு வா, அஞ்சில் கேட்டுப் பாரு என்றார்கள். எனக்கு அதைக் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது.

ஐந்தாம் நாள் கண்டாக்கையா வந்தார். கதவுகளை எண்ணினார். எண்களை எண்ணினார். மறுபடியும் கதவுகளை எண்ணினார். ஆபீஸ் புத்தகத்தில் இந்த லயத்துக்குப் பன்னிரண்டு காம்பரா, பதினாலு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நான் அடுப்புக் கணக்கைச் சொன்னேன். அது தோட்டத்துக் கட்டடம், கண்டவர்கள் கண்டதை எழுத முடியாது, நாளைக்குள் அழி என்றார். அழிக்கவில்லை. மறுநாள் பெரட்டில்தான் ரயில் படத்தைப் பற்றியும் மகள் கெட்டுப்போனதைப் பற்றியும் சொன்னார். சிலர் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். குட்டக் குட்டக் குனிகிறவனும் மடையன் என்று அப்பா அடிக்கடி சொல்வார். அவரும் ஆயுள் முழுக்கக் குனிந்தவர்தான்.

அன்று மத்தியானம் தோட்டத்தின் உதவி நிர்வாகியான சின்னத் தொரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. உட்காரச்சொன்னார், நான் உட்காரவில்லை. பள்ளிக்கூட விண்ணப்பத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. தோட்டத்துக் கணக்குப்படி என் கதவு ஏழு. அப்படியே ஒரு கடிதம் அடித்துக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், கிராம சேவகர் மறுபேச்சுப் பேசமாட்டார், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைத்துவிடும் என்றார். பதிலுக்கு நான் செய்ய வேண்டியது, என் கையால் எழுதிய எண்களை என் கையாலேயே அழிப்பது.

"உனக்கு ஏழுன்னு கடிதம் தாறேன். மத்த ஆள்கள் கதை உனக்கு எதுக்கு?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், அந்தக் கடிதம் எனக்கு வேண்டியிருந்தது. ஆபீசிலிருந்து லயத்துக்கு வருகிற குறுக்குப் பாதையில் ஒவ்வொரு படியிலும் ஏழு, ஏழு என்றுதான் இறங்கி வந்தேன். மகளுக்கும் ஏழுதான் பிடிக்கும். அடுப்புக் கணக்கு எங்களுக்குள் இருந்துவிட்டுப் போகட்டும். யாருக்கு என்ன நட்டம்?

மூன்றாம் நம்பர் அக்கா பீலியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை.

"நீ ஏழுன்னே எழுதிக்க புள்ள. எங்களுக்காக ஒம்புள்ள படிப்ப கெடுத்துக்காத. எம்மருமகளுக்கு நம்பர் இல்லாம இருந்து பழக்கந்தான்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் ஏழு என்றே எழுதியிருப்பேன். பழக்கம்தான் என்றாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி. மழைக்காலத்தில் நிவாரண அரிசி வந்தபோது கதவுக்கு ஒரு பை கொடுத்தார்கள். அவளுக்குக் கதவு இல்லை, தகரம்தான் இருந்தது. மாமியாரிடம் கேட்டு வாங்கித்தான் பொங்கினாள். நாளைக்கு அவளுக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அதற்கும் ஒரு விண்ணப்பம் வரும், அதிலும் வீட்டு இலக்கம் கேட்பார்கள். நான் ஏழு என்று எழுதினால், மூன்றுக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற ஒரு வீட்டை நானே இல்லை என்று எழுதிக் கொடுத்ததாக ஆகும். என் கடிதத்தைத் தொலைத்தவர்களாவது தெரியாமல் தொலைத்தார்கள்.

மறுநாள் பெரட்டில் கண்டாக்கையா பேர் கூப்பிட்டதும் வரிசையை விட்டு ஓர் அடி முன்னால் வந்தேன்.

"தொரைகிட்ட சொல்லிடுங்கய்யா. எனக்கு ஏழு வேணாம். நாங்க எட்டு."

யாரும் சிரிக்கவில்லை. கண்டாக்கையா என்னைத் தூரத்து மலைக்குப் போட்டார். புதர் மண்டிக் கிடந்த, அட்டைக் கடிக்குப் பேர்போன மலை. போனேன். மாலையில் திரும்பி வந்து லயத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். எத்தனை தீபாவளிக்குக் கேட்டும் வராத சுண்ணாம்பு ஒரே பகலில் வந்திருந்தது. பன்னிரண்டு கதவும், அடைத்த தகரமும், கூரை விளிம்பு வரைக்கும் வெள்ளை. ஒரு வட்டம் இல்லை, ஓர் எண் இல்லை. இஸ்தோப்பில் வைத்திருந்த என் பெயின்ட் டின்னையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். லயம் அத்தனை அழகாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

பீலிக்கரைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான் என்றார். அவருக்கு ஒன்று கிடைக்காத கோபம் அது. மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. நான் போய்க் கேட்டதற்கு, கிராம சேவகர் இடத்தைப் பார்த்து உறுதிப்படுத்த வருவதாகச் சொல்லியிருந்த நாள். மாத முடிவுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

கிராம சேவகர் வாலிபர், சிங்களவர், ராகலைப் பக்கம் வேலை செய்து தமிழ் பழகியவர். மோட்டார் சைக்கிளை மேட்டில் நிறுத்திவிட்டு, கையில் தோட்டத்தின் பட்டியலோடு இறங்கி வந்தார். வெள்ளைச் சுவரைப் பார்த்தார். இலக்கம் இன்னும் நிரப்பாத என் விண்ணப்பத்தைப் பார்த்தார். எண் எங்கே என்று கேட்டார். நேற்று வரை எட்டு என்று இருந்தது, அழித்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் கோயில் பக்கமிருந்து கதவுகளை எண்ணிக்கொண்டு வந்து, இது ஏழுதானே, எட்டு என்கிறீர்களே என்றார். பட்டியலிலும் ஏழு. ஏழு என்றால் இங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு உதவி செய்வதாகத்தான் அவர் நினைத்தார்.

லயத்தில் எல்லாரும் இஸ்தோப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அவரை மூன்றாவது கதவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் அக்கா இது மூன்று என்றார். பிறகு தகரத்தை விலக்கினேன். உள்ளே ஒருவர் நிமிர்ந்து நிற்கத்தான் இடம். மருமகள் அடுப்பில் உலை வைத்திருந்தாள். அந்தப் பெண் வந்த நாளிலிருந்து வெளியாள் முன்னால் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கிராம சேவகரின் முகத்தைப் பார்த்தாள்.

"இது நாலுங்க," என்றாள்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் அடுத்த வாசலுக்குப் போனபோது அங்கிருந்தவர் ஐந்து என்றார். அடுத்தவர் ஆறு. அதற்கடுத்தவர் ஏழு. என் வாசலை எட்டு என்று மகள் சொன்னாள், ஏழுக்காக அழுத அதே மகள். பத்தாவது கதவில் அண்ணன் பதினொன்று என்றான், தம்பி பன்னிரண்டு என்றான். கடைசி வாசலில் பீலிக்கரைக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று அவர் வாயையே பார்த்தேன்.

பதினாலு என்றார், கொஞ்சம் சத்தமாகவே.

கிராம சேவகர் என் இஸ்தோப்பு வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். தோட்டத்தின் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். விண்ணப்பத்தைத் தொடைமேல் விரித்து, மேலிடத்தில் கேள்வி வந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். வீட்டு இலக்கம் என்ற இடத்தில் பென்சில் முனையை வைத்தார்.

நான் உள்ளே போய் மகளின் கொப்பிகளுக்கு நடுவே தேடி ஒரு நீலப் பேனாவை எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினேன்.

"பென்சில் வேணாங்கய்யா. பேனாவால எழுதுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி எட்டு என்று எழுதினார்.